வீட்டிலேயே எஸ்.எம்.டி. சால்டரிங்: முதல் ரெசிஸ்டரிலிருந்து 32 கால் ஐசி வரை

திருமங்கலம், மேலூர் பக்கமிருந்து புராஜெக்ட் போர்டோடு வரும் கல்லூரிப் பிள்ளைகள், எல்.இ.டி. பல்பும் ஃபேன் போர்டும் சரிசெய்யப் பழகும் தம்பிகள் என்று பலர் மதுரையில் என் மேசையில் உட்கார்ந்து எஸ்.எம்.டி. சால்டரிங், அதாவது துளை இல்லாமல் போர்டின் மேலேயே பொடிப் பாகங்களை வைத்து ஈயத்தால் பிடிக்கவைக்கும் வேலை, கற்றிருக்கிறார்கள். எல்லாரும் முதலில் சொல்வது "கை நடுங்குதுண்ணே" என்பதுதான். ஆனால் கை நடுங்கியதால் கெட்ட போர்டு குறைவு. ஃப்ளக்ஸ் (ஈயத்தைப் பிடிக்கவைக்கும் பசை) போடாமல் கெட்டது, டிப் கறுத்துப்போய்க் கெட்டது, வேலையை முன்பின்னாகச் செய்து கெட்டது, இவைதான் அதிகம். அதனால் இங்கே வரிசையையும், ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் எழுதுகிறேன். துளை போர்டில் ஓரளவு சால்டர் செய்யத் தெரிந்தவர்களுக்கானது இது.

1. வாங்க வேண்டியவை

சூட்டை டிகிரிக் கணக்கில் வைக்கக்கூடிய அயர்ன் வேண்டும். சாதாரண 25 வாட் அயர்னை ஸ்டாண்டில் சும்மா வைத்திருந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும்; பெரிய இடத்தில் வைத்தால் இறங்கிவிடும். எஸ்.எம்.டி. பேடு, அதாவது பாகம் உட்காரும் செம்புத் திட்டு, சின்னது, அந்த ஏற்றத்தைத் தாங்காமல் போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும்.

டிப் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். பாகம் சின்னது என்பதால் எல்லாரும் ஊசி மாதிரியான டிப்பை வாங்குகிறார்கள். ஊசி முனை பேடில் ஒரு புள்ளியில்தான் தொடும், சூடு போய்ச் சேராது. சேரவில்லை என்று அழுத்துவார்கள், பேடு கிளம்பும். 2 மி.மீ. அகல உளி முனை ஒன்றும், ஐசிக்குக் கத்தி முனை ஒன்றும் போதும்.

ஈயக் கம்பி 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), தடிமன் 0.5 மி.மீ. டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடைகளில் தடிமன் சொல்லாமல் கேட்டால் தடித்த கம்பியைத்தான் எடுத்துத் தருவார்கள், சொல்லி வாங்குங்கள். 1 மி.மீ. கம்பியில் அதே நீளத்துக்கு 4 மடங்கு ஈயம் இறங்கும். 63/37 ஏன் என்றால், அது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக இறுகும். 60/40 கம்பி 183-க்கும் 190-க்கும் இடையில் கொஞ்ச நேரம் கூழாக நிற்கும். அந்த நேரத்தில் பாகம் அசைந்தால் ஜாயிண்ட் மங்கி, உள்ளே விரிசல் விடும்.

ஃப்ளக்ஸ் சிரிஞ்சில் வரும் ஜெல்லாக இருக்கட்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் போடும் நவச்சாரத்தையோ, தகர வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸையோ போர்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். அன்றைக்கு அருமையாகப் பிடிக்கும். நாள் போகப்போக டிராக்கை அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடும்.

ட்வீசர் காந்தம் பிடிக்காத எவர்சில்வரில் ஒன்று. காந்தம் ஏறிய ட்வீசரில் கெப்பாசிட்டர் ஒட்டிக்கொண்டு, வைத்த இடத்திலிருந்து கூடவே கிளம்பிவரும். பார்ப்பதற்கு, தெற்காவணி மூல வீதியில் நகை வேலைக்காரர்கள் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் மாதிரி ஒன்று இருந்தால் அதைவிட நல்லது இல்லை. அப்புறம் 2 மி.மீ. டீசால்டரிங் விக் (மிச்ச ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்), ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்), பழைய டூத் பிரஷ், மல்டிமீட்டர். சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் இப்போதைக்கு வேண்டாம்.

2. உட்காரும் இடம்

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். காற்று டிப்பையும் போர்டையும் குளிரவைக்கும், 0603 என்ற பொடி அளவுப் பாகத்தைப் பறக்கவும் விடும். கத்திரி வெயிலில் மதுரையில் ஃபேன் இல்லாமல் பகலில் உட்கார முடியாது என்பதால், விடியற்காலையிலோ இரவு சாப்பாட்டுக்கு அப்புறமோ வேலையை வைத்துக்கொள்வது நல்லது. வியர்வை போர்டில் சொட்டினால் அதன் உப்பும் அங்கேயே நிற்கும்.

ஃபேன் இல்லை என்றால் புகை முகத்துக்கு வரும். அந்தப் புகை ஃப்ளக்ஸிலிருந்து வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது, இல்லாதவர்களுக்கும் வரவழைக்கக்கூடியது. கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேனை ஜன்னல் பக்கம் பார்த்து வைத்து, புகையை இழுத்து வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். போர்டின் மேல் ஊதும்படி வைக்காதீர்கள்.

மேசைக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் ஓரத்தை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். மொசைக் தரையில் விழுந்த 0805 ரெசிஸ்டர் திரும்பக் கிடைக்காது, வெள்ளைத் துணியில் உடனே தெரியும். பருத்தி என்பதால் பாலியஸ்டர் போல எளிதில் நிலைமின்சாரம் சேராது.

பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். எர்த் இல்லாத அயர்னின் டிப்பில் கசியும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு, டீ எதுவும் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சிந்திய ஈயத் துளிகளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், பெருக்கித் தள்ள வேண்டாம்.

3. எதில் பழகுவது

எஸ்.எம்.டி. பிராக்டிஸ் போர்டு ஆன்லைனில் கிடைக்கிறது. காயலான் கடைக்குப் போகவிருக்கும் செட்டாப் பாக்ஸ் போர்டும் போதும். பாகத்தைக் கழற்றி, பேடைச் சுத்தம் செய்து, திரும்ப வையுங்கள்.

ஆனால் எரிந்துபோன எல்.இ.டி. பல்பின் வட்டத் தட்டில் பழகாதீர்கள். நிறைய பேர் அதில்தான் தொடங்கி மனம் விட்டுப்போகிறார்கள். அந்தத் தட்டுக்கு அடியில் இருப்பது அலுமினியம். எல்.இ.டி.யின் சூட்டை இழுத்து வெளியே தள்ளத்தான் அது இருக்கிறது, உங்கள் அயர்னின் சூட்டையும் அப்படியே இழுத்துவிடும். அதற்கு அடியிலிருந்து சூடேற்றும் தட்டு வேண்டும். பல்பின் டிரைவர் போர்டு வேறு. அதில் பழகலாம், ஆனால் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் கரண்டை வைத்திருக்கும். முதலில் அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

அளவில் 1206, அப்புறம் 0805, அப்புறம் 0603 என்று இறங்குங்கள். 1206 என்பது 3.2 × 1.6 மி.மீ., 0805 என்பது 2 × 1.25, 0603 என்பது 1.6 × 0.8. சொந்தமாக போர்டு வரைகிறவர்களுக்கு என் யோசனை: 0805-க்குக் கீழே போகாதீர்கள். இடம் மிச்சமாவதைவிடத் திரும்பச் சரிசெய்ய முடிவது பெரிது.

4. டிப்பை வெள்ளையாக்குதல்

அயர்னை 330 டிகிரியில் வையுங்கள். டிப்பில் ஈயம் வைத்தால் முழுவதும் பரவி வெள்ளி போல மின்ன வேண்டும். கறுப்பாக இருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள். சூடு ஏற ஏறக் கறுப்பும் ஏறும். பித்தளைச் சுருளில் துடைத்து, ஈயம் வைத்து, திரும்பத் துடைத்து, இப்படியே வெளுக்கும்வரை செய்யுங்கள். உப்புத்தாள் வேண்டாம்: டிப்பின் இரும்புப் பூச்சு போனால் உள்ளே உள்ள செம்பை ஈயம் தின்றுவிடும். வேலை முடிந்து அணைக்கும்போது டிப்பில் தாராளமாக ஈயம் பூசி அப்படியே விட்டுவிடுங்கள்.

5. எது முதலில், எது கடைசியில்

போர்டை ஐ.பி.ஏ. வைத்துத் துடைத்து, அசையாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஐ.பி.ஏ. தீப்பிடிக்கும், முழுக்கக் காய்ந்த பிறகே அயர்ன் பக்கத்தில் வர வேண்டும்.

பழகும்போது ரெசிஸ்டரில் தொடங்குகிறோம். ஆனால் உண்மையான போர்டில் நெருக்கமான கால் உள்ள ஐசியை முதலில் வையுங்கள். அதன் ஓரத்திலேயே கெப்பாசிட்டர்கள் வரும். அவற்றை முதலில் வைத்தால் கத்தி முனையை இழுக்க இடம் இருக்காது. அடுத்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், அதற்கடுத்து டயோடு, டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர். கனெக்டர் கடைசி: உயரமானது முன்னால் வந்தால் கையும் டிப்பும் மோதும், பிளாஸ்டிக் உருகும்.

கெப்பாசிட்டரைப் பட்டையிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே மதிப்பு மட்டும் பிரியுங்கள். ரெசிஸ்டரில் 103 என்றால் 10 கிலோ ஓம், 472 என்றால் 4.7 கிலோ ஓம் என்று எழுதியிருக்கும். செராமிக் கெப்பாசிட்டரில் ஒன்றும் எழுதியிருக்காது, கலந்துபோனால் கண்ணால் பிரிக்க வழியில்லை.

6. முதல் ரெசிஸ்டர்

இதை நிதானமாகப் படியுங்கள். ஐசி வரைக்கும் இதே கைவேலைதான்.

இரண்டு பேடிலும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். ஒரு தம்பி, "ஈயக் கம்பிக்குள்ளேயே ஃப்ளக்ஸ் இருக்குல்லண்ணே, தனியா எதுக்கு?" என்று கேட்டான். கம்பிக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் டிப்பில் ஈயத்தை எடுத்துப் பேடுக்குக் கொண்டுபோவதற்குள் அது புகைந்து போய்விடும். ஃப்ளக்ஸ் இல்லாத பேடில் ஈயம் தாமரை இலைத் தண்ணீர்தான், உருண்டு நிற்கும், பிடிக்காது.

வலது கைக்காரர்கள் வலது பேடில் மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். மெல்லிய மேடு போதும். இரண்டு பேடிலும் வைத்துவிட்டால் பாகம் இரண்டு மேட்டின் மேல் சாய்ந்து உட்காரும். இது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு. ஒரு பேடு கிரவுண்டு செம்போடு சேர்ந்திருந்தால் கிரவுண்டு இல்லாத பேடில் தொடங்குங்கள். கிரவுண்டு சூட்டை இழுக்கும், ஒரு கையில் ட்வீசரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

இடது கையில் ட்வீசரால் பாகத்தைப் பிடித்து, போர்டின் மேல் படுத்தபடி பேடுக்குப் பக்கத்தில் வையுங்கள். டிப்பால் வலது பேடின் ஈயத்தை உருக்கி, பாகத்தைப் பக்கவாட்டில் அதற்குள் தள்ளுங்கள். மேலேயிருந்து இறக்க வேண்டாம், சாயும். இடத்துக்கு வந்ததும் முதலில் டிப்பை எடுங்கள், ஈயம் இறுகியதும் ட்வீசரை எடுங்கள். இந்த வரிசை மாறினால் பாகம் டிப்போடு போய்விடும்.

இப்போது கண்ணைப் போர்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். பாகம் போர்டில் படிந்திருக்கிறதா? ஒரு பக்கம் தூக்கியிருந்தால் இப்போதே உருக்கி லேசாக அமுக்குங்கள். இரண்டாவது பேடும் பிடித்த பிறகு சரிசெய்தால் கெப்பாசிட்டருக்குள் விரிசல் விழலாம், வெளியே தெரியவும் தெரியாது.

சரி, இனி இடது பேடு. டிப் பேடையும் பாகத்தின் வெள்ளை முனையையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அந்த மூலையில் கம்பியை நீட்டுங்கள், டிப்பின் மேல் அல்ல. ஒன்றிரண்டு விநாடி போதும். ஈயம் முனையில் ஏறிப் பேடு வரை சரிவாக இறங்கியிருந்தால் நல்ல ஜாயிண்ட். பந்து போல உப்பியிருந்தால் ஈயம் அதிகம், அல்லது அடியில் பிடிக்கவே இல்லை.

கடைசியாக வலது பேடுக்குத் திரும்புங்கள். கொஞ்சம் ஃப்ளக்ஸ், ஒரு தொடுதல் புது ஈயம். முதலில் அங்கே நடந்தது பாகத்தை நிறுத்தியது மட்டும்தான், அந்த ஈயத்தின் ஃப்ளக்ஸ் எரிந்துவிட்டது. இந்தப் படியை விட்ட போர்டுகள் மேசையில் வேலை செய்யும், பெட்டிக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனதும் நின்றுவிடும்.

7. திசை உள்ள பாகங்கள்

டயோடில் கோடு உள்ள பக்கம் கேத்தோடு. டான்டலம் கெப்பாசிட்டரில் கோடு பாசிட்டிவ்; வட்ட அலுமினிய கெப்பாசிட்டரில் கறுப்பு அடையாளம் நெகட்டிவ். இரண்டையும் ஒன்றென்று நினைத்து டான்டலத்தைத் திருப்பி வைத்தால் அது தீப்பிடித்து வெடிக்கும்.

எல்.இ.டி.யின் அடையாளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். லேசாக எரியும்போது சிவப்பு முனை தொடும் பக்கம் ஆனோடு.

ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டரின் அகலமான தகடு கிரவுண்டு இல்லை, அவுட்புட். சூடு இறங்கத்தானே என்று அதைக் கிரவுண்டு செம்பில் வைத்து போர்டு வரைந்தவர்கள் உண்டு.

8. 32 கால் ஐசி

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் ஐசியின் எஸ்.எம்.டி. வடிவத்தில் நான்கு பக்கமும் 8 கால்கள், ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.8 மி.மீ. ஒவ்வொரு காலாகச் சால்டர் செய்ய முயல வேண்டாம். வரிசையாக இழுப்பதுதான் எளிது.

முதலில் 1-ஆம் காலின் புள்ளி. சில ஐசிகளின் மேல் வார்ப்பின்போது உண்டான குழிவட்டங்கள் இரண்டு மூன்று இருக்கும், அவற்றைப் புள்ளி என்று நம்பிவிடாதீர்கள். எழுத்தை நேராகப் படிக்கும்படி திருப்பி, டேட்டாஷீட் படத்தோடு ஒப்பிடுங்கள். புள்ளியிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால்கள் எண்ணப்படும்.

ஒரு மூலைப் பேடில் மட்டும் துளி ஈயம் வைத்து, எல்லாப் பேடுகளிலும் ஃப்ளக்ஸ் தடவி, ஐசியை வையுங்கள். அந்த மூலைக் காலை உருக்கி நிறுத்துங்கள். இப்போது லென்ஸ் வைத்து நான்கு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். ஐசி இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருந்தாலும் எதிர்ப்பக்கத்தில் கால் இரண்டு பேடுக்கு நடுவில் நிற்கும். சரியில்லை என்றால் அதே ஒரு காலை உருக்கி நகர்த்துங்கள். நான்கு பக்கமும் பொருந்திய பிறகுதான் எதிர் மூலைக் காலை நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் நகர்த்தினால் கால் வளையும்.

இனி எல்லாக் கால்களின் மேலும் ஃப்ளக்ஸ், தாராளமாக. கத்தி முனையில் கொஞ்சம் ஈயம் ஏற்றி, கால்களின் நுனி பேடைத் தொடும் இடத்தில் வைத்து, மெதுவாக ஒரே திசையில் இழுங்கள். அழுத்தம் வேண்டாம், டிப்பின் சொந்த எடை போதும். உருகிய ஈயம் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டு செம்பு உள்ள இடத்துக்கு ஓடும். இடையில் உள்ள பச்சைப் பூச்சில் அது நிற்காது. ஃப்ளக்ஸ் இருக்கும்வரைதான் இந்த ஓட்டம். இழுக்கும்போது ஈயம் பின்னாலேயே மொட்டாக வந்தால் நிறுத்தி, ஃப்ளக்ஸ் போட்டு, டிப்பைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் எதிர்ப்பக்கத்துக்குப் போனால் ஐசி ஒரே இடத்தில் சூடாகிக்கொண்டே இருக்காது.

9. பாலம் விழுந்தால்

கடைசி இரண்டு கால்களில் ஈயம் சேர்ந்து பாலம் போடுவது வழக்கம்தான், பதற வேண்டாம். ஃப்ளக்ஸ் போட்டு, துடைத்த டிப்பை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து வெளிப்பக்கம் இழுங்கள். டிப் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். போகவில்லை என்றால் விக்கிலும் ஃப்ளக்ஸ் தடவி, பாலத்தின் மேல் வைத்து, அதன் மேல் டிப்பை வையுங்கள். விக்கில் ஈயம் ஏறி நிறம் மாறியதும் டிப்பையும் விக்கையும் ஒன்றாகவே தூக்குங்கள். டிப்பை மட்டும் எடுத்தால் விக் பேடோடு ஒட்டி இறுகிவிடும். அதைப் பிடித்து இழுத்தால் பேடும் வரும்.

10. ஹாட் ஏரும் பேஸ்ட்டும்

கால் வெளியே நீட்டாமல் அடியில் பேடு உள்ள கியூ.எஃப்.என். வகை ஐசிக்கும், பல கால் ஐசியைக் கழற்றவும் ஹாட் ஏர் வேண்டும். வீட்டில் வைக்கும் 858டி வகை சுமார் 700 வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டரில் போடாதீர்கள். 320 டிகிரி, காற்று குறைவாக, இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் போர்டு உப்பும். பக்கத்துப் பிளாஸ்டிக் கனெக்டருக்குச் சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டுங்கள்.

கியூ.எஃப்.என்.-இல் நடுப் பேடுக்கு ஈயம் குறைவாக வையுங்கள். அதிகமானால் ஐசி அதன் மேல் மிதக்கும், ஓரக் கால்கள் பேடைத் தொடாது. உருகியதும் ட்வீசரால் மயிரிழை தள்ளிப் பாருங்கள். தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பினால் எல்லாம் உருகிவிட்டது என்று பொருள்.

சால்டர் பேஸ்ட்டை (ஈயப் பொடியும் ஃப்ளக்ஸும் கலந்த பசை) ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் அதைத் தனிப் பெட்டியில், சாப்பாட்டுப் பொருளோடு சேராமல் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கி, உருகும்போது தெறிக்கும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் பேஸ்ட்டை ஈயம் உள்ள பேடில் போடாதீர்கள். பிஸ்மத், வெள்ளீயம், காரீயம் மூன்றும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகிறது. சூடாகும் போர்டில் பாகம் தானாகவே கழன்றுவிடும். தோசைக்கல்லில் வைத்துப் பேஸ்ட்டை உருக்கலாம்தான், ஆனால் அந்தக் கல் திரும்ப அடுப்படிக்குப் போகவே கூடாது.

11. கழுவிப் பார்த்தல்

ஐ.பி.ஏ. ஊற்றி பிரஷால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் பஞ்சு இல்லாத துணியால் ஒற்றி எடுங்கள். காயவிட்டால் கரைந்த ஃப்ளக்ஸ் வெள்ளையாகத் திரும்பப் படியும். சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸில் பார்க்கும்போது தப்பிய பாலம் படத்தில் அகப்படும். ஐசியின் ஒவ்வொரு காலையும் ஊசியால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். அசைந்தால் அது பிடிக்கவில்லை.

12. மின்சாரம் கொடுக்கும் முன்

பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் நிலையில் அளவுங்கள். பீப் சத்தத்தை நம்பாதீர்கள்: கெப்பாசிட்டர் நிரம்பும் நேரத்திலும் சில மீட்டர்கள் கத்தும். எண் மெல்ல ஏறினால் சரி. ஓரிரு ஓமில் அப்படியே நின்றால் ஷார்ட், வரம்பு இல்லாமல் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

முதல் தடவை கரண்டை வரம்புக்குள் நிறுத்தும் பவர் சப்ளையில், 5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கொடுங்கள். அது இல்லை என்றால் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள். முழு ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட்டில் நூற்றுச் சொச்சம் மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது, ஐசி பிழைக்கும்.

ஷார்ட் இருந்து, அது எங்கே என்று தெரியவில்லை என்றால் அயர்னையும் ஹாட் ஏரையும் அணைத்து ஓரமாக வையுங்கள். போர்டின் மேல் ஐ.பி.ஏ.யை மெல்லிய படலமாகத் தடவி, அதே வரம்புக்குள் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். சூடாகும் பாகத்தின் மேல் முதலில் காயும். சப்ளையைப் பிடுங்கி, மிச்ச ஐ.பி.ஏ. முழுக்கக் காயும்வரை விட்டு, அந்தப் பாகத்தின் திசையைப் பாருங்கள், அப்புறம் அதன் கால்களை லென்ஸில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் அதைக் கழற்றிவிட்டு ஓம் அளவைத் திரும்ப எடுங்கள்.